பெயர் எழுதாத மொய்

எங்கள் வீட்டு மர பீரோவின் அடித்தட்டில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. அக்கா கல்யாணத்து நோட்டு. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி, அதன் கீழே தாய்மாமன் மொய், பிறகு வரிசையாக ஊர், பெயர், தொகை. கோச்சடை, துவரிமான், கீழமாத்தூர், மேலக்கால் என்று வைகைக் கரையோரம் சாலை போகும் திசையிலேயே ஊர்ப் பெயர்களும் போகின்றன. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று பெரியப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொன்னார். பணத்தை அவர் எண்ணுவார், பெயரை உரக்கச் சொல்வார், நான் எழுதுவேன்.

நடுப்பக்கத்தில் ஒரு வரியில் 101 என்று தொகை மட்டும் இருக்கிறது. ஊர் இல்லை, பெயர் இல்லை. உறையைத் தாம்பாளத்தில் வைத்த கை மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது. நான் தலையை நிமிர்த்துவதற்குள் அவர் பந்திப் பக்கம் நடந்துவிட்டார். பெரியப்பா கூப்பிட்டுப் பார்த்தார். அவர் திரும்பவில்லை. "இடத்தை விட்டு வை, அப்புறம் கேட்டு எழுதிக்கலாம்" என்றார். அந்த இடம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் பரிசு எங்கிருந்து வந்தது என்று கதை சொல்லும் ஒரு படத்தைப் போன டிசம்பரில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தோம். பார்த்து முடித்ததும் எனக்கு இந்த வெற்று வரிதான் ஞாபகம் வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

படத்தின் பெயர் 'கிளவுஸ்'. ஸ்பெயின் நாட்டு செர்ஜியோ பாப்லோஸ் இயக்கியது. மாட்ரிட் நகரில் அவருடைய ஸ்டுடியோவில் உருவாகி, 2019 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அந்த நிறுவனத்தின் முதல் சொந்த முழுநீள அனிமேஷன் படம் இதுதான். மறு வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது, ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும்.

டிசம்பர் பிறந்தால் கோச்சடை தெருக்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வாசலில் காகித நட்சத்திரம் ஏறும். எங்கள் எதிர்வீட்டில் சிவப்பு நட்சத்திரம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கீத பவனி வரும். சிவப்பு அங்கியும் முகமூடியும் போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா டிரம்ஸ் அடிக்கு ஆடிக்கொண்டே மிட்டாயை வீசுவார். அப்படி ஒரு பவனி எங்கள் தெருவைக் கடந்துபோன ராத்திரியில்தான் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, இந்தத் தாத்தா எந்த ஊரு?" அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் இந்தப் படத்தைப் போட்டேன்.

கதை எளிமையானது. தபால் துறைத் தலைவரின் மகன் ஜெஸ்பர். பட்டு விரிப்பில் படுத்துப் பழகிய சோம்பேறிப் பிள்ளை. அவனைத் திருத்துவதற்காக அப்பா வடகோடியில் பனி மூடிய ஸ்மீரன்ஸ்பர்க் என்ற தீவுக்கு அனுப்புகிறார். ஒரே வருடத்தில் 6,000 கடிதங்கள் அந்த ஊர்த் தபால் நிலையம் வழியாகப் போக வேண்டும். போகாவிட்டால் சொத்தில் பங்கு இல்லை. ஊரில் எவரும் கடிதம் எழுதுவதில்லை. க்ரம், எலிங்போ என்ற இரண்டு வம்சங்கள் தலைமுறை தலைமுறையாகப் பகை வளர்த்து வாழ்கின்றன. ஊர்க் கோடியில், காட்டுக்குள், கிளவுஸ் என்ற கிழவர் தனியாக இருக்கிறார். அவர் கொட்டகை நிறைய பொம்மைகள். ஜெஸ்பருக்குத் தேவை கடிதம். பொம்மை கேட்டுக் கடிதம் எழுதினால் பொம்மை வரும் என்று குழந்தைகளிடம் பரப்புகிறான். அங்கிருந்து பிறக்கிறது கிறிஸ்துமஸ் தாத்தாவின் கதை.

ஸ்மீரன்ஸ்பர்க் கற்பனை ஊர். பெயருக்குப் பின்னால் மட்டும் ஓர் உண்மை ஊர் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வட துருவத்துக்குப் பக்கத்தில் திமிங்கலக் கொழுப்பு உருக்குவதற்காக அமைத்த குடியிருப்பின் பெயர் ஸ்மீரன்பர்க். கொழுப்பு உருக்கிய புகை படிந்த பெயரை, இரக்கமே உருகிப்போன ஓர் ஊருக்கு வைத்திருக்கிறார்கள். பெயரிலிருந்தே படத்தின் கவனம் தொடங்கிவிடுகிறது.

இனி நான் நின்று நின்று பார்த்த இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த முதல் கடிதம். அது கடிதமே இல்லை, ஒரு படம். வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் ஒரு பையன் தன்னையே வரைந்திருக்கிறான்: ஜன்னலுக்குள் சோகமான ஒரு முகம். காற்றில் அந்தத் தாள் வெளியே பறந்து ஜெஸ்பர் கையில் விழுகிறது. பையன் மேலே நின்று திருப்பிக் கேட்கிறான். ஜெஸ்பர் உடனே கொடுப்பதில்லை. இது இப்போது தபால், தலை ஒட்டினால்தான் கிடைக்கும், காசு எடு என்கிறான். ஒரு குழந்தையின் துக்கத்துக்குத் தபால்தலை கேட்கும் ஆள்தான் நம் கதாநாயகன். அவன் யார் என்பதைச் சொல்ல வேறு வசனமே தேவைப்படவில்லை.

அதே தாள் பிறகு காட்டுக்குள் காற்றில் அலைந்து கிளவுஸ் கையில் போய்ச் சேர்கிறது. அவர் அதைப் பார்க்கும் நேரத்தைக் கவனியுங்கள். மலை போன்ற உடம்பு, தோளை அடைத்த அங்கி, ஒரு கையில் கோடரி. அந்தப் பெரிய விரல்களுக்கு நடுவில் அந்தச் சின்னத் தாள். முகம் நிழலுக்குள்ளேயே இருக்கிறது. அவர் அழுதாரா என்று நமக்குக் காட்டவில்லை. தாளைப் பிடித்திருக்கும் பக்குவம் போதும். கைக்குழந்தையை முதல்முறை வாங்கும் ஆண்கள் இப்படித்தான் பிடிப்பார்கள், இறுக்கினால் வலிக்குமோ, தளர்த்தினால் விழுமோ என்று.

அன்று ராத்திரியே ஜெஸ்பரை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறார். பரிசு ஒரு தவளைப் பொம்மை. தத்தித் தத்திப் போகும் தவளை. பையன் விழித்து அதன் பின்னாலேயே அறைக்குள் தத்துகிறான். கிளவுஸ் உள்ளே போகவில்லை. வெளியே குளிரில் நின்று பார்க்கிறார். கதவைத் தட்டி, "தம்பி, இது நான் தந்தது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தந்தவர் இருட்டில், வாங்கியவன் வெளிச்சத்தில். இந்த ஒரு ஏற்பாட்டின்மேல்தான் மீதிப் படம் முழுக்க நிற்கிறது.

அந்த வெளிச்சத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்றைய அனிமேஷன் படங்களில் பெரும்பாலானவை கணினிக்குள்ளேயே உருவம் செய்து, அதற்குள்ளேயே விளக்கு வைத்து எடுக்கப்படுபவை. 'கிளவுஸ்' கையால் வரைந்த படம். பாப்லோஸ் டிஸ்னியில் கையால் வரைந்த படங்களில் வேலை பார்த்தவர். அந்தக் கலை கைவிடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், அது எங்கே நின்றுபோனதோ அங்கிருந்து அடுத்த அடி வைத்துப் பார்க்க நினைத்தவர். பிரான்ஸில் ஒரு குழுவோடு சேர்ந்து, வரைந்த கோட்டின்மேல் வெளிச்சத்தையும் நிழலையும் தீட்டும் கருவியை உருவாக்கினார்கள். கோடு மனிதக் கையின் கோடு. அதன்மேல் விளக்கொளி கன்னத்தில் ஏறுகிறது, மூக்கின் ஒரு பக்கம் நிழலாகிறது, அங்கியின் ரோமம் ஒளியில் சிலிர்க்கிறது. முதலில் பார்க்கிறவர்கள் இதைக் கணினிப் படம் என்றே நினைப்பார்கள். பத்து நிமிடம் கழித்துத்தான், கதாபாத்திரத்தின் ஓரக்கோட்டில் ஒரு பென்சிலின் மூச்சு இருப்பது தெரியும்.

இதைப் பார்த்தபோது விளாச்சேரியை நினைத்துக்கொண்டேன். கோச்சடையிலிருந்து அதிகத் தூரமில்லை, திருப்பரங்குன்றம் பக்கம். வேளார் வீடுகளில் வருடம் முழுக்கப் பொம்மை வேலை. விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். கிருஷ்ணனுக்குக் கண் திறந்த அதே தூரிகையால் குழந்தை இயேசுவுக்கும் கண் திறப்பார்கள். அச்சில் எடுத்த உருவம் அதுவரை மண்தான். கன்னத்துக்கு ரோஸ் பூசி, கண்ணுக்குக் கருப்பு வைத்த பிறகுதான் அது நம்மைப் பார்க்கும். வரைந்த கோட்டுக்கு வெளிச்சம் பூசுவதும் அப்படிக் கண் திறக்கிற வேலைதான். கோடு அதற்கு முன்பே நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சம் விழுந்ததும் உயிர் வந்தது.

நிறத்திலும் அவர்களுக்கு அவசரமே இல்லை. ஊர் முதலில் சாம்பலும் நீலமுமாக இருக்கிறது. வீடுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கோணலாக நிற்கின்றன. கூரைகள் கத்திபோலக் கூராக இருக்கின்றன. ஜெஸ்பரின் உடம்பே ஒரு முக்கோண அளவுகோல் மாதிரி முனை முனையாக இருக்கிறது. கிளவுஸ் ஒரு பாறை. பொம்மைகள் வீடுகளுக்குள் போகப் போக ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் ஏறுகிறது. முதலில் ஒரு ஜன்னல், பிறகு ஒரு தெரு, பிறகு ஊர். எந்தக் காட்சியிலிருந்து ஊர் அழகானது என்று கேட்டால் சொல்ல முடியாது. விடியல் எந்த நிமிடத்தில் நடந்தது என்று சொல்ல முடியாத மாதிரி. கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு அங்கி வரும்போது, அது தைத்துக் கொடுத்தவர்களின் அன்பாக வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவதாக ரசித்தது, ஒரு நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்று காட்டும் விதம். தாத்தா ஏன் புகைபோக்கி வழியாக வருகிறார்? பகை பிடித்த ஊரில் ராத்திரி யார் கதவைத் திறப்பார்கள்? ஜெஸ்பர் வேறு வழியில்லாமல் அதற்குள் இறங்கிக் கரியோடு விழுகிறான். ஏன் அவருடைய வண்டி பறக்கிறது? ஒரு ராத்திரி மேட்டில் தடம் தப்பி வண்டி அந்தரத்தில் பாய்கிறது, ஜன்னலில் நின்ற ஒரு குழந்தை அந்த ஒரு நொடியை மட்டும் பார்க்கிறது. கெட்ட பிள்ளைக்கு ஏன் கரித்துண்டு? ஜெஸ்பரைச் சீண்டிய ஒரு சண்டைக்காரப் பையனுக்கு அவன் கோபத்தில் வைத்துவிட்டு வந்தது. நல்லவர் யார், கெட்டவர் யார் என்று தாத்தாவுக்கு எப்படித் தெரியும்? அதுவும் ஜெஸ்பர் வாயில் வந்த ஒரு மிரட்டல்.

இந்த ஒவ்வொன்றும் குழந்தைகள் வாயில் விழுந்ததும் வேறாகிவிடுகிறது. ஒரு குழந்தை பார்த்ததை இன்னொரு குழந்தையிடம் சொல்கிறது. இரண்டாவது குழந்தை ஒரு சொல் கூட்டுகிறது. மூன்றாவது குழந்தை ஒரு கலைமான் சேர்க்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் உண்மையைக் கொஞ்சம் அழகாக்கினார்கள். நாட்டார் கதை எல்லா ஊரிலும் இப்படித்தான் வளர்கிறது. அதைப் பாடமாகச் சொல்லாமல் நம் கண் முன்னால் நடத்திக்காட்டிய படம் எனக்குத் தெரிந்து இதுதான்.

கோச்சடைப் பிள்ளைகளுக்கு இந்த இடம் இன்னும் நன்றாகப் புரியும். அய்யனார் கோயில் உள்ள ஊர் இது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சாமி குதிரை ஏறி ஊரைச் சுற்றிக் காவல் வருவார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நாய் குரைத்தால் "சாமி போகுது, சத்தம் போடாதே" என்பார் அம்மாச்சி. வேளார் சுட்ட மண் குதிரைகள் இருக்கிற நாடு இது. பகலில் அசையாமல் நிற்கும் குதிரை ராத்திரியில் நடக்கும் என்று நம்ப எங்களுக்கு யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கலைமான் வண்டி பறந்தபோது அக்கா மகள் கேட்டாள்: "நம்ம சாமி குதிரை மாதிரியா மாமா?" ஆமாம் என்றேன். ராத்திரியில் வாகனம் ஏறி, தூங்குகிறவர்களுக்கு நல்லது செய்துவிட்டு, விடிவதற்குள் போய்விடும் ஒருவரை எல்லா ஊர்க் குழந்தைகளும் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, மார்கு. எனக்கு மிகப் பிடித்த பாத்திரம் அந்தக் குட்டிப் பெண்தான். வடக்கு நார்வே, ஸ்வீடன், பின்லாந்து பக்கம் வாழும் சாமி இனத்துக் குழந்தை. அவள் தன் சாமி மொழியில் பேசுகிறாள். பேசியவள் நேடா மார்கிரெத்தே லாப்பா என்ற, அந்த இனத்திலேயே பிறந்த சிறுமி. அவள் பேச்சுக்குத் திரையில் எழுத்துகள் வருவதில்லை. ஜெஸ்பருக்குப் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. மூச்சுவிடாமல் பேசுகிறாள், கேட்கிறாள், கோபிக்கிறாள், அவன் பக்கத்திலேயே தூங்கிவிடுகிறாள்.

படம் ஓடிய ஆங்கிலம் அக்கா மகளுக்குப் பாதிதான் புரிந்தது. அதுவரை நான் நடுநடுவே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மார்கு வந்ததும் நானும் அம்மாவும் குழந்தையும் ஒரே வரிசைக்கு வந்துவிட்டோம். யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியாது, எல்லோருக்கும் எல்லாமே புரிந்தது. அம்மாதான் முதலில் சொன்னாள்: "புள்ளைக்கு என்னமோ வேணுமாம்டா. கேக்குறதப் பாரு."

மார்குவின் பரிசு படத்தின் திருப்புமுனை. சேர்த்து வைத்த பொம்மைகள் தீர்ந்துவிட்டன. பனியில் சறுக்கிப் போக அவளுக்கு ஒரு சின்ன வண்டி வேண்டும், புதிதாகச் செய்ய வேண்டும். ஜெஸ்பர் முதன்முறையாகச் சட்டைக் கையை மடித்துவிட்டு மரம் இழைக்கிறான். பட்டு விரிப்பில் படுத்த கை. கிளவுஸும் அவனும் பேசாமல் வேலை செய்கிறார்கள். விடியும் நேரத்தில் வண்டியை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார்கள். அவள் சந்தோஷத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஜெஸ்பரின் முகத்தில், நாம் அதுவரை பார்க்காத ஒன்று வருகிறது. 6,000 என்ற எண் அந்த முகத்தில் எங்கேயும் இல்லை. முன்பு குழந்தையின் படத்துக்குக் காசு கேட்டவன், கணக்கை மறந்துவிட்டான். மறந்துவிட்டோம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. நடிகரின் முகத்தில் இதைக் கொண்டுவருவதே கஷ்டம். பென்சிலால் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பிறகு சாமி மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து பொம்மை செய்ய உதவுகிறார்கள். ஒரு சிறுமிக்குக் கிடைத்ததற்கு ஒரு சமூகமே பதில் சொல்கிறது. அந்தச் சிவப்பு அங்கியை அவர்கள்தான் தைத்துத் தருகிறார்கள். கடைகளில் தொங்கிச் சலித்துப்போன அந்த உடை, இங்கே ஊசியும் நூலுமாக, விரல்களின் நன்றியாக மறுபடி பிறக்கிறது.

ஆல்வாவையும் சொல்லாமல் விட முடியாது. ஆசிரியையாக வந்தவள். பகை வம்சத்துப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளையை உட்காரவைக்க யாரும் தயாரில்லை என்பதால் பள்ளிக்கூடத்தையே மீன் கடையாக்கிவிட்டாள். கரும்பலகை இருந்த அறையில் மீன் வெட்டுகிறாள். ஊரைவிட்டுப் போகப் பணம் சேர்த்து வைத்திருக்கிறாள். கடிதம் எழுத எழுத்து தெரிய வேண்டுமே என்று பிள்ளைகள் அவளைத் தேடி வருகிறார்கள். அவளுக்குள் கோபமும் தயக்கமும் மாறி மாறி ஓடுகின்றன. கடைசியில், தப்பித்துப் போகச் சேர்த்த பணத்தை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கே செலவு செய்கிறாள். இந்த முடிவுக்குப் பெரிய இசையோ வசனமோ இல்லை. மீன் நாற்றம் போய்ப் பலகைகளும் புத்தகங்களும் வந்திருப்பதை நாம் பார்க்கிறோம், அவ்வளவுதான். பெண்கள் செய்யும் பெரிய தியாகங்கள் வீடுகளில் இப்படித்தான் சத்தமில்லாமல் நடக்கின்றன. நகை பீரோவில் இருக்காது. பையன் கல்லூரியில் இருப்பான்.

குறை ஒன்று உண்டு. தன் லாபத்துக்காகத்தான் ஜெஸ்பர் இதையெல்லாம் தொடங்கினான் என்ற உண்மை வெளிப்பட்டு எல்லோரும் மனம் உடையும் பகுதி, பல படங்களில் பார்த்த திருப்பம். வரப்போவது முன்பே தெரிந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் இந்த மனிதர்கள்மேல் நமக்கு ஒட்டுதல் வந்துவிடுவதால், தெரிந்த வழியிலும் கூடவே நடக்கிறோம்.

நான்காவது, காற்று. கிளவுஸின் கொட்டகையில் தூசி படிந்து கிடக்கும் அத்தனை பொம்மைகளும் யாருக்காகச் செய்தவை? மனைவி லிடியாவுக்கும் அவருக்கும் நிறையப் பிள்ளைகள் வேண்டும் என்று ஆசை. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகச் செய்து அடுக்கினார். பிள்ளைகள் வரவில்லை. லிடியா நோயில் போய்விட்டாள். பொம்மைகள் மட்டும் இருந்தன. நம் ஊரில் குழந்தை வேண்டி மரத்தில் சின்னத் தொட்டில் கட்டுவார்கள். கோயில் மரத்தடியில் ஆடும் வெறும் தொட்டில்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கொட்டகையின் பாரம் தெரியும். ஒவ்வொரு பொம்மையும் ஒரு வெறும் தொட்டில்.

லிடியாவை ஆவியாகக் காட்டவில்லை. ஒரு காற்று வருகிறது, சருகுகளைச் சுழற்றிக்கொண்டு போகிறது. அவ்வளவே. முதலில் அந்தப் பையனின் தாளைக் கிளவுஸிடம் கொண்டுவந்த காற்றும் அதுதானோ என்று பிறகுதான் யோசிக்கிறோம். படத்தின் முடிவில், வருடங்கள் பல ஓடிய பிறகு, அந்தக் காற்று மறுபடி வருகிறது. கிளவுஸ் அதன் பின்னால் நடக்கிறார். சாவு என்ற சொல் இல்லை, சவப்பெட்டி இல்லை, அழுகை இல்லை. காட்டில் நடந்துபோன ஒருவர் வெளிச்சத்தில் கலந்துவிட்டார். அக்கா மகள் பயப்படவில்லை. அம்மாதான் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அதன் பிறகு ஜெஸ்பர், வருடத்துக்கு ஓர் இரவு மட்டும் விளக்கேற்றி வைத்துத் தன் நண்பருக்காகக் காத்திருக்கிறான். எண்ணிக்கைக்காகத் தீவுக்கு வந்தவன், எண்ணிக்கைக்கு எட்டாத ஒன்றுக்காகக் காத்திருப்பவனாக முடிகிறான்.

இது கற்பனைக் கதை. வரலாற்றில் இதற்கு மூலமாகச் சொல்லப்படுபவர் 4ஆம் நூற்றாண்டில் மைரா நகரில் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸ். மைரா இன்றைய துருக்கியில் தெம்ரே என்ற ஊர். அவருடைய திருநாள் டிசம்பர் 6. அவரைப் பற்றி வழிவழியாக வரும் கதை, மதுரைப் பக்கத்தில் எந்த வீட்டில் சொன்னாலும் விளக்கம் தேவைப்படாது. நொடித்துப்போன ஒரு தகப்பன். மூன்று பெண்கள். கட்டிக்கொடுக்கச் சீர் இல்லை. நிக்கோலாஸ் ஒரு ராத்திரி ஜன்னல் வழியாகப் பொன் முடிப்பு ஒன்றை வீசிவிட்டுப் போகிறார். மூத்தவள் கல்யாணம் நடக்கிறது. பிறகு இரண்டாவது முடிப்பு. மூன்றாவது முறை தகப்பன் விழித்திருந்து, ஓடிப்போய்ப் பிடித்துவிடுகிறான். பிடிபட்டவர் கேட்டது ஒன்றே ஒன்று: வெளியே சொல்லாதே.

கிறிஸ்துமஸ் பரிசின் வேர் இந்த ராத்திரியில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் நிக்கோலாஸை சின்டர்கிளாஸ் என்று கொண்டாடினார்கள். அந்தப் பெயர் அமெரிக்காவில் சான்டா கிளாஸ் ஆனது. 1823இல் வந்த ஒரு கவிதை அவருடைய கலைமான் வண்டியைப் பிரபலமாக்கியது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வரைந்த படங்கள் தாடியும் தொந்தியுமான அந்த உருவத்தை மக்கள் மனதில் நிலைநிறுத்தின. பிறகு கடைகள் அவரைத் தத்தெடுத்துக்கொண்டன. இத்தனை மாறிய பிறகும் ஒன்று மட்டும் மாறவில்லை: அவர் ராத்திரியில்தான் வருகிறார், வாங்குகிறவர் தூங்கும்போது. நம் கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் டிசம்பரில் சீட்டு குலுக்கி எடுத்து கிறிஸ் மா, கிறிஸ் சைல்டு விளையாடுகிறார்கள். யார் தன் கிறிஸ் மா என்று தெரியாமல் பரிசு வந்துகொண்டிருக்கும் அந்த நாட்களின் குறுகுறுப்பும் அதே நிக்கோலாஸ் கதையின் ஜன்னலிலிருந்து வருவதுதான்.

பெயர் சொல்லாத கொடையைப் புகழ்வதற்காக மொய்யை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மொய் பெரிய ஏற்பாடு. ஒரு குடும்பம் தனியாகத் தாங்க முடியாத செலவை ஊரே பகிர்ந்து தூக்குவது. பெயர் எழுதுவது அதற்கு அவசியம். நாளை அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போய் நிற்க வேண்டுமே. அந்த நோட்டைப் புரட்டினால் நமக்கு யார் யார் இருக்கிறார்கள் என்பது தெரியும்.

பெயர் எழுதிய கொடை இரண்டு வீடுகளுக்கு நடுவே போய் வந்துகொண்டிருக்கும். பெயர் எழுதாத கொடைக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. வாங்கியவர் கையில் அது கனத்துக்கொண்டே இருக்கும். யாரிடமாவது கொடுத்தால்தான் இறங்கும். ஸ்மீரன்ஸ்பர்க் குழந்தைகளுக்குத் தந்தவர் யார் என்று முகம் தெரியாது. அவரிடம் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்க அவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வேலை செய்து கொடுக்கிறார்கள். அவர் பகை வம்சத்துக்காரராக இருந்தாலும். அந்தப் பெரியவர் பதிலுக்கு ஏதோ தருகிறார். பகை அப்படித்தான் கரைகிறது. வள்ளுவர் ஒப்புரவு பற்றிப் பேசத் தொடங்கும்போதே மழையைத்தான் காட்டுகிறார். அதற்கு உலகம் என்ன பதில் செய்துவிட முடியும்? வருசநாட்டு மலையில் பெய்ததுதான் வைகையாக வந்து கோச்சடைக் கிணறுகளில் ஊறுகிறது. மலைக்கு நாம் தண்ணீரைத் திருப்பி ஊற்றுவதில்லை. அடுத்த வயலுக்கு மடை திறந்துவிடுகிறோம்.

படம் முடிந்த ராத்திரி அந்த நோட்டை எடுத்து அக்கா மகளிடம் காட்டினேன். வெற்று வரியில் விரல் வைத்து, "இவங்க பேரு என்ன?" என்றாள். தெரியாது என்றேன்.

"அப்ப நம்ம தாத்தா எப்படித் திருப்பிக் குடுத்தாரு?"

பதில் என்னிடம் இல்லை. கதவோரம் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னாள்:

"எத்தன வருசம் தேடுனாரு தெரியுமா? ஒவ்வொரு பத்திரிகை வரும்போதும் அந்தப் பக்கத்த எடுத்துப் பாப்பாரு. ஆளு கெடைக்கல. அப்புறம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ரெண்டு கவர் கொண்டுபோவாரு. ஒண்ணுக்குப் பேரு சொல்லுவாரு. இன்னொண்ணத் தட்டுல வச்சுட்டு வந்துருவாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான்."

இத்தனை வருடம் எனக்கு இது தெரியாது. அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

குழந்தை நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள். எதிர்வீட்டுச் சிவப்பு நட்சத்திரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. கோச்சடையிலிருந்து மேலக்கால் வரை இந்தச் சாலையோர வீடுகளின் பீரோக்களில் எத்தனை மொய் நோட்டுகள் இருக்கும். அவற்றில் எத்தனையில், தொகை மட்டும் எழுதி, பெயருக்கு இடம் விட்ட ஒரு வரி இருக்கும்.